சாவியின் நிழல் போதும்: நுவார் குறும்படத்துக்கு ஒரு போஸ்டர்

கேள்வி: திரைப்படக் கல்வியின் இறுதியாண்டுப் பணியாக 18 நிமிட நுவார் (இருள் சூழ்ந்த குற்றக்கதை) குறும்படம் எடுத்திருக்கிறோம். பூட்டுப் பழுதுபார்க்கும் ஒருவர் முகம் தெரியாத பெண்ணுக்கு மாற்றுச் சாவி செய்து கொடுக்கிறார். மறுநாள் அந்த வீட்டில் ஒரு கொலை. தொப்பியணிந்த நாயகன், துப்பாக்கி, மழை, நகர விளக்குகள் எல்லாம் சேர்த்துக் கறுப்பு வெள்ளையில் போஸ்டர் செய்தோம். எங்கோ பார்த்தது போல இருக்கிறது. அச்சிட்டால் சாம்பல் பூத்துத் தெரிகிறது. எங்கே தவறினோம்?

பதில்: உங்கள் கதைச் சுருக்கத்தில் தொப்பியும் இல்லை, துப்பாக்கியும் இல்லை. போஸ்டரில் மட்டும் அவை எப்படி வந்தன? 'ஃபிலிம் நுவார்' என்ற பெயரை அமெரிக்கக் குற்றப் படங்களுக்கு 1946-இல் பிரெஞ்சு விமர்சகர் நினோ ஃபிராங்க் சூட்டினார். அந்தப் படங்களை எடுத்தவர்கள் 'நுவார்' எடுப்பதாக நினைத்து எடுக்கவில்லை. தொப்பியும் நீண்ட கோட்டும் அன்று ஆண்கள் தெருவில் அணிந்து நடந்த உடைகள். இன்று அவற்றை எடுத்து மாட்டினால் வேடமாகிவிடும். உங்களிடம் அருமையான பொருள் ஒன்று இருக்கிறது: சாவி. போஸ்டர் அதைச் சுற்றியே அமையட்டும்.

நான் இப்படிச் செய்வேன். பூட்டுக்காரரின் முகத்தில் பாதிக்கு மேல் இருட்டு. மீதிப் பகுதியில், கன்னத்தின் குறுக்கே, சாவிப் பற்களின் நிழல். கண்களில் ஒன்று மட்டும் தெரிந்தால் போதும். அந்தப் பெண் போஸ்டரில் வரவே வேண்டாம். அவள் யார் என்ற கேள்விதானே பார்ப்பவரைப் படத்துக்குள் இழுக்க வேண்டும்?

இந்தப் படத்தைக் கணினியில் ஒட்டிச் சேர்க்காமல், ஒளியாலேயே எடுங்கள். இருட்டறையில் ஒரு கைப்பேசியின் டார்ச் ஒளியே போதும். ஒளி வரும் இடம் சிறியதாக இருந்தால் நிழலின் விளிம்பு கூர்மையாக விழும். டார்ச் அதற்கு ஏற்றது. ஒளியிலிருந்து 25 செ.மீ. தொலைவில் சாவியும் 1 மீட்டரில் முகமும் இருந்தால் நிழல் நான்கு மடங்கு பெரிதாகும். 6 செ.மீ. சாவி 24 செ.மீ. நிழலாகிறது, ஏறக்குறைய ஒரு முகத்தின் உயரம். பற்கள் மங்கினால் அட்டையில் பெரிய சாவி ஒன்றை வெட்டி, முகத்துக்கு அருகில் பிடியுங்கள். அறையில் வெள்ளைச் சுவர் இருந்தால் ஒளி அதில் பட்டுத் திரும்பி இருட்டை நிரப்பிவிடும். முகத்தின் இருண்ட பக்கத்தில் கறுப்புத் துணி ஒன்றைத் தொங்கவிடுங்கள். இதில் ஒரு மாலை முழுவதும் செலவானாலும் வருந்தாதீர்கள். போஸ்டரின் பெரும்பகுதி வேலை அங்கேயே முடிந்துவிடுகிறது.

திரைப்படத்திலிருந்தே ஒரு சட்டகத்தை வெட்டிப் பயன்படுத்த ஆசை வரும். வேண்டாம். 1920×1080 காட்சியிலிருந்து நிமிர்ந்த வடிவில் வெட்டினால் உயரத்துக்கு 1080 புள்ளிகள் (பிக்சல்கள்)தான் கிடைக்கும். ஏ3 தாளின் 42 செ.மீ. உயரத்தில் அவற்றைப் பரப்பினால் அங்குலத்துக்கு 65 புள்ளிகள். நல்ல அச்சுக்கு 300 தேவை, அதாவது 3508×4961. ஆகவே புகைப்படமாகத் தனியே எடுங்கள்.

கறுப்பு வெள்ளை கட்டாயமா என்பதற்கு வருகிறேன். அந்தக் காலப் படங்கள்தான் கறுப்பு வெள்ளை; அவற்றின் போஸ்டர்களில் மஞ்சளும் சிவப்பும் கொழுந்துவிட்டு எரிந்தன. நீங்களும் ஒரு நிறம் சேர்க்கலாம். ஒன்றே ஒன்று. பித்தளைச் சாவியின் மங்கிய மஞ்சள் உங்கள் கதையிலேயே இருக்கிறதே! அது தலைப்பில் மட்டும் வரட்டும்.

சாம்பல் பூத்ததற்குப் பெரும்பாலும் காரணம், பெரிய பரப்பைக் கறுப்பு மை ஒன்றை மட்டும் கொண்டு நிரப்பியதுதான். அந்த மை தனியே நின்றால் கரும்பலகை போல வெளுத்துத் தெரியும். கறுப்பு 100 சதவீதத்துடன் சயான் (பச்சை கலந்த நீலம்) 60, மெஜந்தா (ஊதா கலந்த சிவப்பு) 40, மஞ்சள் 40 சதவீத மைகளையும் சேர்த்தால் இருட்டுக்கு ஆழம் வரும். இயந்திரத்துக்கு இயந்திரம் இது மாறும் என்பதால் அச்சகத்தில் அவர்களுடைய அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்று: திரையில் மெல்லத் தெரிகிற நிழல் விவரங்கள் தாளில் மூழ்கிவிடும். திரையின் ஒளியைப் பாதியாகக் குறைத்துப் பாருங்கள். அப்போதும் தெரிவதுதான் தாளில் பிழைக்கும். முழுத் தாளையும் அச்சிடுவதற்கு முன், முகமும் எழுத்தும் சேரும் ஒரு பட்டையை மட்டும் உண்மையான அளவில் சோதித்துவிடுங்கள்.

தமிழ்த் தலைப்பில் கவனம் வேண்டும். ஆங்கில நுவார் போஸ்டர்களின் ஒடுங்கி நெடிந்த எழுத்தை அப்படியே பார்த்துச் செய்தால் நம் எழுத்துகள் மூச்சுத் திணறும். அகலமும் வளைவும் அவற்றின் இயல்பு. நான் தூரிகையால் தாளில் இருபது முறை எழுதிப் பார்த்து, ஒன்றைத் தேர்ந்து ஸ்கேன் செய்வேன். கணினி எழுத்துருவே போதுமென்றால் தடித்ததாக, எழுத்துகளின் உள்ளே வெற்றிடம் விரிந்ததாகத் தேர்ந்தெடுங்கள். கறுப்பின் மேல் வெள்ளையாக எழுதும்போது சுற்றியுள்ள மை பரவி முதலில் விழுங்குவது புள்ளியைத்தான். 'கண்' என்பது 'கண' ஆகிவிடும்! சிறிய எழுத்தில் வரும் பெயர்களுக்கு மெல்லிய எழுத்துருவைத் தொடவே தொடாதீர்கள்.

பெயர்களை இயக்கம், ஒளிப்பதிவு, நடிப்பு, இசை என இரண்டு வரிகளுக்குள் அடக்கிவிடலாம். வெட்டும் விளிம்புகளுக்கு வெளியே 3 மி.மீ. கூடுதல் கறுப்பு விடுங்கள். வெட்டும்போது வெள்ளைக் கோடு தெரியாது. விழாக்களுக்கு அனுப்புவதாக இருந்தால் மேற்பகுதியில் ஓர் இடத்தை வெறும் இருட்டாகவே விட்டுவையுங்கள். படம் தேர்வானதைக் காட்டும் விழா முத்திரைகள் வந்தால் அங்கே அமரும்.

பெரும்பாலோர் இந்தப் போஸ்டரைக் கைப்பேசியில் 3 செ.மீ. அகலத்தில்தான் பார்க்கப்போகிறார்கள். அந்த அளவுக்குச் சுருக்கி, கதை தெரியாத நண்பர் ஒருவரிடம் காட்டுங்கள். முகத்தில் விழுந்திருப்பது சாவியின் நிழல் என்று அவர் சொல்லிவிட்டால் அச்சுக்கு அனுப்பலாம். தழும்பு என்று சொன்னால், டார்ச்சை எடுத்துக்கொண்டு மீண்டும் அந்த இருட்டறைக்குப் போங்கள்.