அக்கா ஓட்டும் வண்டியில் எத்தனை பேர் ஏறலாம்?

கேள்வி: நாங்கள் நியூ ஜெர்சியில், எடிசனில் இருக்கிறோம். மகளுக்கு 17 வயது. போன மாதம்தான் ப்ரொபேஷனரி லைசென்ஸ் (புதிதாக ஓட்டுபவர்களுக்குக் கட்டுப்பாடுகளோடு தரும் லைசென்ஸ்) கிடைத்தது. வார இறுதியில் தமிழ்ப் பள்ளிக்குத் தம்பியையும் தங்கையையும் அவளே கூட்டிக்கொண்டு போனால் எங்களுக்குப் பெரிய உதவி. ஒருவரைத்தான் ஏற்றலாம் என்று தோழி சொல்கிறாள். கூடப் பிறந்தவர்களுக்குமா இந்த விதி? அவள் நன்றாகத்தான் ஓட்டுகிறாள்.

பதில்: ஆமாம், கூடப் பிறந்தவர்களுக்கும்தான். முன்பு ஒரே வீட்டில் இருப்பவர்களுக்கு விலக்கு இருந்தது, 2010 மே மாதத்தில் அதை எடுத்துவிட்டார்கள். நீங்களோ உங்கள் கணவரோ வண்டியில் இருந்தால் இந்தக் கணக்கு கிடையாது, இரண்டு பேரையும் ஏற்றலாம். நீங்கள் இல்லையென்றால் ஒரே ஒருவர்தான். கூடவே இரவு 11 மணி தாண்டினால் காலை 5 வரை ஓட்டக்கூடாது, போனைக் கையில் எடுக்காமல் பேசுவதும் கூடாது. மீறினால் 100 டாலர் அபராதம்.

நன்றாக ஓட்டுகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள், நம்புகிறேன். ஆனால் அவள் எவ்வளவு நன்றாக ஓட்டுகிறாள் என்று பார்த்துப் போட்ட விதி இல்லை இது, வண்டிக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துப் போட்டது. ஏஏஏ என்ற அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கத்தின் போக்குவரத்துப் பாதுகாப்பு அறக்கட்டளை 2012-இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. 16, 17 வயதுப் பிள்ளை தனியாக ஓட்டும்போது இருக்கும் உயிர் ஆபத்து, 21 வயதுக்குக் கீழே ஒருவர் கூட ஏறினால் 44 சதவீதம் கூடுகிறது, இருவர் ஏறினால் இரண்டு மடங்கு, மூன்று பேரோ அதற்கு மேலோ ஏறினால் நான்கு மடங்கு. அதே பிள்ளையின் பக்கத்தில் 35 வயதோ அதற்கு மேலோ ஆன ஒருவர் உட்கார்ந்தால் 62 சதவீதம் குறைகிறது. இந்தக் கணக்கைப் படித்த அன்று எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை, ஏனென்றால் அப்போதுதான் என் மகனும் லைசென்ஸ் வாங்கியிருந்தான்.

ஒரு நாள் அவனும் தங்கையும் முன்னால், நான் பின் சீட்டில். ரூட் 1 நெடுஞ்சாலையில் லேன் மாறப் போகிறான், அந்த நேரம் பார்த்து இவள் பாட்டை மாற்று என்கிறாள், அவன் முடியாது என்கிறான், இவள் கையை நீட்ட அவன் கண் ரோட்டை விட்டு அவள் கைக்குப் போய்விட்டது. பக்கத்து வண்டிக்காரர் ஹாரன் அடித்ததால் தப்பித்தோம். இத்தனைக்கும் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் உயிரையே விடுகிற பிள்ளைகள்!

அதனால் வேறு வழி பாருங்கள். பள்ளியில் இன்னொரு குடும்பத்தோடு பேசி ஒரு குழந்தையை அவர்களோடு அனுப்பலாம். அல்லது நீங்கள் பக்கத்தில் உட்கார, அவளே உங்கள் மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு போகட்டும், அவளுக்கும் பழக்கமாகும். அப்புறம் இன்னொன்று, இதை நம்மில் பலர் மறந்துவிடுகிறோம்: நம் பிள்ளை ஓட்டும்போது மட்டும் இல்லை, இன்னொரு பிள்ளை ஓட்டும் வண்டியில் ஏறும்போதும் இதே ஆபத்துதான். யார் ஓட்டுகிறார்கள், ஏற்கெனவே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு அனுப்புங்கள். மகள் முகம் சுளித்தாலும் கேளுங்கள்.

கேள்வி: நம்பர் பிளேட்டில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டச் சொல்கிறார்களே, சின்னப் பெண் தனியாக வருகிறாள் என்று ஊருக்கே காட்டிக் கொடுப்பது போல இல்லையா?

பதில்: பெண்ணைப் பெற்றவர்களுக்கு இந்தப் பயம் வருவது நியாயம்தான். சட்டம் வந்த புதிதில் பெற்றோர் சிலர் நீதிமன்றத்துக்கே போனார்கள், 2012-இல் மாநில உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்று சொல்லிவிட்டது. அந்தச் சட்டத்தைக் கைலீ சட்டம் என்பார்கள். 2006-இல் ப்ரொபேஷனரி லைசென்ஸ்காரர் ஓட்டிய காரில் பயணியாகப் போய் இறந்த பள்ளி மாணவி கைலீயின் பெயர் அது. வண்டியைப் பார்த்தால் ஓட்டுபவர் எந்த லைசென்ஸ் வைத்திருக்கிறார் என்று போலீஸுக்குத் தெரியாது, ஸ்டிக்கர் இல்லாவிட்டால் ஒரு பயணி விதி வெறும் காகிதத்தில்தான் இருக்கும். கழற்றி மாட்டுகிற மாதிரிதான் அதைச் செய்திருக்கிறார்கள், நீங்கள் ஓட்டும்போது எடுத்துவிடுங்கள்.

கேள்வி: எனக்கு அடுத்த மாதம் 18 ஆகிறது. அன்றிலிருந்து நண்பர்கள் மூன்று பேரையும் ஏற்றலாமா? அவர்கள் அமைதியாகத்தான் வருவார்கள்.

பதில்: தம்பி, 18 ஆனதும் விதி தானாகப் போய்விடாது. ப்ரொபேஷனரி லைசென்ஸில் ஒரு வருடம் ஓட்டி முடித்து, மோட்டார் வாகன ஆணையத்திடம் ‘பேசிக்’ லைசென்ஸ், அதாவது இந்தக் கட்டுப்பாடுகள் இல்லாத சாதாரண லைசென்ஸ், வாங்க வேண்டும், அதுவரை ஒருவர்தான். அமைதியாக வருவார்கள் என்பதற்கும் ஒன்று சொல்கிறேன். ஃபிலடெல்ஃபியாவில் இருக்கிற டெம்பிள் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்ட சோதனையில், உன் வயதுப் பிள்ளைகளைக் கம்ப்யூட்டரில் கார் ஓட்டும் விளையாட்டு ஆடச் சொன்னார்கள். நண்பர்கள் பக்கத்து அறையில் உட்கார்ந்து திரையில் பார்க்கிறார்கள் என்று தெரிந்ததுமே மஞ்சள் விளக்கில் நிற்காமல் பாய்வது கூடியது. பெரியவர்களிடம் அந்த வித்தியாசம் இல்லை. லைசென்ஸ் மாற்றிய பிறகும் முதல் சில மாதங்களுக்கு ஒரு நண்பனை மட்டும் ஏற்று, மற்ற இருவரும் வேறு வண்டியில் வரட்டும்.