நாகஸ்வரத்துக்கு ஒரு மணி நேரம்

அன்புள்ள ஐயா,

என் தாத்தா நாட்டுப்புற மேளமான நையாண்டி மேளத்தில் நாகஸ்வரம் வாசித்தவர். இரணியல், குளச்சல் பக்கம் அம்மன் கோவில் கொடைவிழா என்றால் அவரைத்தான் கூப்பிடுவார்களாம். அப்பா படித்து அரசு வேலைக்குப் போய்விட்டார். நான் பெங்களூரில் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். தாத்தாவின் திமிரி நாகஸ்வரம் (குட்டையான, சுருதி ஏறிய வகை) துணி சுற்றி வீட்டு அலமாரியில் இருக்கிறது. அதை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிடலாம் என்கிறார் அப்பா. எனக்கு வேறு யோசனை. நல்ல ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒவ்வொரு சுரமாகப் பதிவு செய்து, கீபோர்டில் வாசிக்கும்படி செய்துவிட்டால் அடுத்த தலைமுறைக்கு இந்த வாத்தியம் கிடைத்துவிடும் அல்லவா? நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ர., இரணியல்

அன்புள்ள ர.,

தாத்தாவின் வாத்தியத்தைப் பற்றி யோசிக்கிற பேரன் இருப்பதே எனக்குச் சந்தோஷம். ஆனால் அப்பா சொல்வது, நீங்கள் சொல்வது இரண்டுமே எனக்குப் போதவில்லை.

முதலில் கீபோர்டு. நாகஸ்வரத்தில் விரல் வைக்க ஏழு துளைதான். சாவி கிடையாது. துளையைப் பாதி மூடுவது, ஊதுவாயான சீவாளியை உதட்டால் இறுக்குவது, மூச்சைக் கூட்டிக் குறைப்பது, இந்த மூன்றும் சேர்ந்துதான் ஒரு சுரம் பிறக்கிறது. தோடி ராகத்தில் காந்தாரம் என்ற 'க' சுரம் ஓரிடத்தில் நிற்பதே இல்லை, அசைந்துகொண்டே இருக்கும். அதைக் கீபோர்டின் ஒரு கட்டைக்குள் அடைத்துவிட்டு அழுத்தினால் சத்தம் வரும், தோடி வராது. பதிவு செய்யவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எதைப் பதிவு செய்ய வேண்டும் என்று கீழே சொல்கிறேன்.

அலமாரியில் இருக்கும் நாகஸ்வரத்தை எடுத்துப் பாருங்கள். உலவு என்கிற மரக்குழலின் தலையில், சீவாளியைச் செருகுகிற கெண்டை என்ற உலோகத் துண்டு இருக்கும். பக்கத்தில் நூலில் கட்டிய சீவாளிகள் தொங்கினாலும் தொங்கும். நாணல் தட்டையை வேகவைத்து, உலர்த்தி, தட்டையாக்கிக் கட்டுவது சீவாளி. வாசிக்கப் போகிறவர் அதை வாயில் வைத்து எச்சிலில் ஊறவிட்டு, ஊசியால் திறந்து, ஊதிப் பார்த்து, சரியில்லை என்றால் அடுத்ததை எடுப்பார். வெயில் நாளில் ஒரு பதம், மழை நாளில் இன்னொரு பதம். உங்கள் தாத்தா வாயில் பழகிய சீவாளி இன்று காய்ந்து, ஊதினால் பேசாது. இந்தப் பதம் தெரிந்த ஆள் இல்லையென்றால் மரக்குழல் வெறும் மரக்குழல்தான்.

அந்த ஆள் உருவாவதற்கு என்ன வேண்டும்? வாசிக்க நேரம் வேண்டும். இதுதான் நான் உங்களுக்குச் சொல்ல நினைப்பது. நாகஸ்வரத்தை வளர்த்தது கச்சேரி மேடை மட்டும் இல்லை, நீண்ட இரவுகளும் நீண்ட வீதிகளும். சாமி புறப்பாட்டுக்குக் கம்பீர நாட்டையில் மல்லாரி, விடியலுக்குப் பூபாளம், பள்ளியறைக்கு நீலாம்பரி என்று பொழுது பார்த்து வாசித்தார்கள். சுசீந்திரத்தில் மார்கழித் திருவிழா பத்து நாள். தேரோடும் வீதியில் அவசரம் கிடையாது. நடந்துகொண்டே ஒரு ராகத்தை விரிக்க அவ்வளவு இடம் கிடைத்ததால்தான் அவ்வளவு பெரிய ஆலாபனைகள் வந்தன.

நம் பக்கத்துக் கொடைக்கு வாருங்கள். நள்ளிரவுத் தீபாராதனைக்கு முன்னால் நையாண்டி மேளக்காரர் யாரைப் பார்த்து வாசிக்கிறார் என்று கவனித்திருக்கிறீர்களா? சாமி வந்து ஆடுகிற கோமரத்தாடியின் காலைப் பார்த்து வாசிக்கிறார். கால் தரையில் ஒரே இடத்தில் துடிக்க ஆரம்பிக்கும். நாகஸ்வரம் அதே சின்னத் துண்டைத் திரும்பத் திரும்ப வாசிக்கும், ஒவ்வொரு தடவையும் ஒரு மயிரிழை வேகமாக. தவிலும் பம்பையும் கூடவே ஏறும். அருள் முழுசாக வந்த அந்த நொடியில் மேளம் மாறும். ஒரு விநாடி முந்தினாலும் பிந்தினாலும் ஆட்டம் குலைந்துபோகும். இசக்கி அம்மனுக்கு வாசிப்பதும் சுடலைமாடனுக்கு வாசிப்பதும் ஒன்றல்ல. இது எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. உங்கள் தாத்தாவிடம் இருந்தது இதுதான். பாரி என்கிற நீளமான நாகஸ்வரத்தின் கச்சேரி மரபுக்காவது இசைத்தட்டுகள் இருக்கின்றன. காருகுறிச்சி அருணாசலத்தை இன்றும் கேட்கலாம். கொடைக்குத் திமிரி வாசித்தவர்களை யார் பதிவு செய்தார்கள்?

இன்று அந்த நேரம் எங்கே போயிற்று? கல்யாணத்தில் மேளக்காரர்கள் கெட்டி மேளத்துக்கு மட்டும் என்று ஆகிவிட்டது. மிச்ச நேரம் ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டு. கோவில்களில் தீபாராதனைக்கு மோட்டாரில் ஓடும் மேளமும் மணியும் வந்துவிட்டன. பொத்தானைத் தட்டினால் போதும், சம்பளம் வேண்டாம். கொடைக்குக் கேரளத்துச் சிங்காரி மேளம் வருகிறது. அந்தப் பிள்ளைகளின் உழைப்பில் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் ஊர்வலம் முழுக்க அதற்கே போய்விட்டால் நாகஸ்வரக்காரர் ஓரமாக உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அப்படி உட்கார்ந்திருக்கும் அப்பாவைப் பார்க்கிற பையன் வாத்தியத்தைக் கையில் எடுப்பானா?

அப்புறம், காப்பது என்றால் அப்படியே உறைய வைப்பது என்று நினைத்துவிடாதீர்கள். முன்பு நாலரை, ஐந்து கட்டைச் சுருதியில் திமிரிதான் புழக்கம். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை சுருதி இறங்கிய, நீளமான பாரிக்கு வந்தார். சுத்த மத்திமம் (இரண்டு 'ம' சுரங்களில் கீழானது) சரியாகப் பேசவில்லை என்ற குறை இருந்தது. 1955-இல் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி துளைகளின் இடத்தையும் உள் குடைவையும் மாற்றி அதைச் சரிசெய்தார். வாசிப்பவரின் காதும் ஆசாரியின் கையும் சேர்ந்த வேலை அது. அந்த ஊர் நாகஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. பழைய வீடுகளின் தூணிலும் உத்தரத்திலும் இருந்து எடுத்த, நன்றாக ஈரம் வற்றிய ஆச்சா மரத்தைத்தான் அங்கே தேடுகிறார்கள். குறியீடு பெருமைதான். ஆனால் வாங்குவதற்கு ஆள் வேண்டும், வாங்குகிறவருக்கு வாசிப்பதற்கு இடம் வேண்டும்.

கற்றுக்கொள்ள வழி இல்லாமல் இல்லை. திருநெல்வேலியில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. நாகஸ்வரமும் தவிலும் சொல்லித் தருகிறார்கள். மூன்று வருடப் படிப்பு. நம் குமரி மாவட்டத்துப் பிள்ளைகள் போய்ப் படிக்கலாம். படித்து முடித்து ஊருக்கு வந்தால் வருஷத்தில் எத்தனை நாள் வேலை என்பதுதான் பெற்றவர்கள் கேட்கிற கேள்வி. அதற்குப் பதில் அரசாங்கத்திடம் மட்டும் இல்லை. நம் கல்யாணப் பத்திரிகையிலும் கொடை நோட்டீஸிலும் இருக்கிறது.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்?

தாத்தாவின் நாகஸ்வரத்தை நையாண்டி மேளத்தில் பழகிய ஒரு பெரியவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். விரிசல் விட்டிருக்கிறதா, கெண்டை சரியாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வார். வாசிக்கும் நிலையில் இருந்தால், கற்றுக்கொள்கிற ஒரு பிள்ளைக்குக் கொடுங்கள். சீவாளிச் செலவை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். வாசிக்க முடியாத நிலை என்றால் அருங்காட்சியகத்துக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். அப்பா சொல்வது அப்போது சரி.

ஒலிப்பதிவுக்கு வைத்திருக்கும் பணத்தில் உங்கள் தாத்தாவோடு வாசித்தவர்கள் யாராவது இருந்தால் தேடிப் பிடியுங்கள். தனித்தனிச் சுரமாக வேண்டாம். ஒரு கொடையை, பந்தக்கால் நடும் கால்நாட்டிலிருந்து கடைசிப் பூசை வரை முழுசாகப் பதிவு செய்யுங்கள். பிறகு அதைப் போட்டுக் காட்டி, "இந்த இடத்தில் ஏன் மேளத்தை மாற்றினீர்கள்?" என்று கேட்டு, அவர்கள் சொல்வதையும் பதிவு செய்யுங்கள். கற்கிற பையனுக்கு ஒலித்தொகுப்பைவிட அது பத்து மடங்கு உதவும்.

கடைசியாக ஒன்று. கொடைக்கு வரி போடுவதற்காக ஊர்க்கூட்டம் கூடுமே, இந்தத் தடவை லீவு போட்டு வந்து அதில் உட்காருங்கள். பட்டியலில் வாண வேடிக்கைக்கு எவ்வளவு, சீரியல் விளக்குக்கு எவ்வளவு, மேளத்துக்கு எவ்வளவு என்று கேளுங்கள். தீபாராதனைக்கு முன்னால் ஒரு மணி நேரம் மைக் செட்டை நிறுத்திவிட்டு மேளக்காரர்களுக்கு விடச் சொல்லுங்கள். முதல் வருஷம் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அந்த ஒரு மணி நேரச் சம்பளத்தை என் பெயரில் எழுதிக்கொள்ளுங்கள் என்று சொன்னால் ஒத்துக்கொள்வார்கள். தேதி முடிவானதும் எனக்கும் எழுதுங்கள், நானும் வருகிறேன்.