"டிவி சத்தம்மா"

கேள்வி: எனக்கு 38 வயது, மனைவிக்கு 35. இருவருக்கும் சென்னையில் வேலை. இரண்டு வருடமாக மாதத்தில் ஒரு சனி, ஞாயிறை எங்களுக்கென்று ஒதுக்கி வெளியூர் போய் வருகிறோம். ஓடி ஓடி இடம் பார்ப்பதில்லை. காலையில் கடற்கரையில் நடை, மதியம் தூக்கம், சாயங்காலம் டீயும் பேச்சும், அவ்வளவுதான். ஏழு வயது மகளை என் மாமியார் வீட்டில் விட்டுவிடுவோம். எனக்குக் கடலோர ஊர்கள்தான் பிடிக்கும். தரங்கம்பாடிக்கே மூன்று முறை போயாயிற்று. மனைவியோ, "எப்பப் பார்த்தாலும் கடல்தானா? வயல், வாய்க்கால்னு எங்கேயாவது போகலாமே" என்கிறாள். கிளம்பும்போதே சண்டை. என் அம்மா (67) ஆக்கூர் பக்கம் ஒரு கிராமத்தில் தனியாக இருக்கிறார், அப்பா இல்லை. சனிக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு அம்மா போன் செய்வார். வீட்டில் இருப்பதாகச் சொல்லிவிடுவேன். போன தடவை தரங்கம்பாடியில் இருந்தபோது, "என்னடா இரைச்சல்?" என்றார். டிவி சத்தம் என்றேன். "சரிப்பா, சாப்பிட்டுத் தூங்கு" என்று வைத்துவிட்டார். அதை விடுங்கள். எங்கள் இருவருக்கும் பிடித்த மாதிரி இந்தப் பயணங்களை எப்படித் திட்டமிடுவது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சென்னை.

பதில்: தம்பி, அதை விட முடியாது.

நீங்கள் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லி முடித்துவிடுகிறேன். ஒரு மாதம் கடல், ஒரு மாதம் வயல். கடல் மாதத்தில் புதுச்சேரிக்குப் போங்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கடற்கரைச் சாலையில் வண்டிகளை விடுவதில்லை, மறுநாள் காலை ஏழரை வரை அந்த ஒன்றரை கிலோமீட்டரும் நடப்பவர்களுக்குத்தான். வயல் மாதத்துக்குக் கும்பகோணம், திருவையாறு பக்கம். மார்கழியில் போனால் சம்பாப் பயிர் கண்ணுக்கு எட்டிய வரை நிற்கும். சித்திரையில் போனால் வெடித்துக் கிடக்கும் தரிசைத்தான் பார்ப்பீர்கள், அப்புறம் அதற்கும் ஒரு சண்டை வரும். காரைக்குடி ஆசை இருந்தால் மூன்று நாள் லீவு சேர்ந்து வரும்போது வைத்துக்கொள்ளுங்கள். போக மட்டுமே 400 கிலோமீட்டர், இரண்டு நாளில் போய்த் திரும்பினால் ஓய்வு எங்கே? அவ்வளவுதான் உங்கள் கேள்வி.

இனி அந்த டிவிக்கு வருகிறேன்.

இந்தப் பொய் எனக்குப் பழக்கமானது. ஏற்காட்டுக்குப் போனவர் ஆபீஸ் ட்ரெய்னிங் என்று சொல்லியிருப்பார். கொடைக்கானலுக்குப் போனவர் நண்பன் கல்யாணம் என்று சொல்லியிருப்பார். வருஷக்கணக்காக இந்தக் கடிதங்களைப் படிக்கிறேன். எல்லாவற்றிலும் பொய் நடுவில் ஒரு வரியில் வரும், அடுத்த வரியிலேயே வேறு பேச்சு தொடங்கிவிடும், நீங்கள் தொடங்கிய மாதிரி.

தரங்கம்பாடி எனக்கும் பிடித்த ஊர். 1620-ல் டேனிஷ்காரர்கள் எழுப்பிய கோட்டை ஒரு பக்கம். கடல் முன்பக்கத்தை அரித்துத் தின்றுவிட்ட மாசிலாமணிநாதர் கோயில் இன்னொரு பக்கம். அந்தக் கரையில் கொட்டியிருக்கும் பாறைகளில் அலை மோதும் சத்தத்தை நான் பல இரவு கேட்டிருக்கிறேன். முதலில் ஒரு நீண்ட இழுப்பு, பிறகு மொத்தமாக ஒரு அடி, பிறகு கல் இடுக்குகளில் தண்ணீர் வடியும் சலசலப்பு. நடுவே காற்று போனில் மோதிப் புர்ரென்று இரையும். எந்த டிவி அப்படி இரையும்?

அங்கிருந்து அரை மணி நேரத் தூரத்தில் இருக்கும் ஆக்கூர் பக்கத்து மனுஷிக்கு அது தெரியாது என்றா நினைத்தீர்கள்? ஆடி அமாவாசை, தை அமாவாசை என்றால் பூம்புகார் கடலில் முழுக்குப் போடுகிற ஊர்க்காரர்கள் அவர்கள். 2004 டிசம்பரில் அந்தக் கரை என்ன பாடுபட்டது என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள். உங்கள் அம்மாவுக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது, எனக்கு இதில் சந்தேகமே இல்லை. தெரிந்ததால்தான் என்ன படம் ஓடுகிறது, பேத்தி என்ன செய்கிறாள் என்றெல்லாம் கேட்கவில்லை. "சாப்பிட்டுத் தூங்கு" என்றார். சாயங்காலம் ஏழு மணிக்கு எந்த அம்மா மகனைத் தூங்கச் சொல்வார்? இதற்கு மேல் ஒரு கேள்வி கேட்டால் பிள்ளை இன்னொரு பொய் சொல்ல வேண்டியிருக்கும் என்று நினைத்து போனை வைத்திருக்கிறார்.

அந்த இரவு அவர் தனி வீட்டில் என்ன நினைத்துக்கொண்டு படுத்திருப்பார் என்று யோசித்தீர்களா? பக்கத்தில் வந்துவிட்டுப் போகிறான், வீட்டு வாசலை மிதிக்கவில்லை, சரி. ஆனால் ஏன் மறைக்கிறான்? நான் என்ன சொல்லிவிடுவேன் என்று பயப்படுகிறான்? ஒரு தாய்க்கு இந்தக் கேள்வியைக் கொடுத்துவிட்டு நீங்கள் எனக்குக் கடலா வயலா என்று எழுதுகிறீர்கள்.

கணவனும் மனைவியும் மாதம் இரண்டு நாள் தனியாக இருக்க எந்தக் காரணமும் சொல்லத் தேவையில்லை. ஆனால் பெண்டாட்டியோடு சந்தோஷமாக இருந்தால் அம்மாவிடமிருந்து எதையோ எடுத்துக்கொண்ட மாதிரி குறுகுறுப்பது நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு வியாதி. உங்களுக்கும் அதுதான். அம்மா அப்படி நினைப்பதாக உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தை கூட இல்லை. நீங்களாகவே நினைத்துக்கொண்டு, நீங்களாகவே பொய் சொல்கிறீர்கள்.

இந்தப் பொய்க்குக் கடைசியில் யார் தலை உருளும், சொல்லுங்கள். உங்கள் தலை உருளாது. முன்பு ஒரு பெண் எழுதியிருந்தார். கணவர் வீட்டில் சொல்லாமல் அழைத்துப் போனார். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்த ஒரு படம் உறவுக்காரர் வழியாக மாமியார் கைக்குப் போனது. "என் பிள்ளை இப்படியெல்லாம் மறைக்கிறவன் இல்லையே" என்று ஒரே வார்த்தை. அன்றிலிருந்து அந்த மருமகள்தான் மகனைப் பிரித்தவள். பொய் சொன்னவர் சும்மா பக்கத்தில் நின்றிருக்கிறார். நாளைக்கு உங்கள் ஊர்க்காரர் ஒருவர் ஆக்கூர் முக்கூட்டில் உங்கள் காரைப் பார்க்க எத்தனை நேரம் ஆகும்? அன்றைக்கு உங்கள் மனைவி பேச்சுக் கேட்பார். நீங்கள் போனில் டிவி என்று சொன்னபோது அவரும் பக்கத்தில்தானே உட்கார்ந்திருந்தார்? அப்போது அவர் முகத்தைப் பார்த்தீர்களா? கிளம்பும்போது வருகிற சண்டை கடலைப் பற்றியது மட்டும்தானா என்று அவரிடமே கேளுங்கள்.

ஏழு வயதுக் குழந்தைக்கு என்ன சொல்லி வைத்திருக்கிறீர்கள்? ஒரு பாட்டிக்கு எல்லாம் தெரியும், இன்னொரு பாட்டியிடம் வாயைத் திறக்கக் கூடாது. இதைப் பழக்கிவிட்டால் அவள் மறக்க மாட்டாள்.

இன்னொன்றையும் சொல்கிறேன், பயமுறுத்துவதற்காகத்தான் சொல்கிறேன். நீங்கள் தரங்கம்பாடியில் இருக்கும் இரவில் அம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்தால், நீங்கள் அரை மணி நேரத்தில் போய் நிற்கக்கூடிய தூரத்தில் இருக்கிறீர்கள். அவர் கணக்கில் நீங்கள் சென்னையில். ராத்திரியில் பிள்ளையை அலைய விடக் கூடாது என்று விடியும் வரை கூப்பிடாமலே கிடப்பார். அந்தத் தலைமுறை அப்படித்தான்.

சரி, உடனே குற்ற உணர்ச்சியில், இனிமேல் வயல் மாதமெல்லாம் அம்மா வீட்டுக்கே போகிறோம் என்று கிளம்பிவிடாதீர்கள். அது உங்கள் மனைவிக்குச் செய்யும் அநியாயம். மாமியார் வீடு எவ்வளவு நல்ல வீடாக இருந்தாலும் மருமகள் அங்கே காலை ஆறு மணிக்கு எழுந்து அடுப்படிக்குள் போவாள். அவர் கேட்ட வயலும் வாய்க்காலும் அது இல்லை. அம்மாவைப் பார்க்க என்றே தனியாக ஒரு நாள் போங்கள், மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். அது உங்கள் கடமை, அதை உல்லாசப் பயணத்தில் சேர்த்துக் கணக்குக் காட்டக் கூடாது.

அடுத்த முறை கிளம்பும் முன், வெள்ளிக்கிழமை இரவே நீங்கள் கூப்பிடுங்கள். மனைவி கூப்பிடட்டும் என்று தள்ளாதீர்கள். "அம்மா, நானும் அவளும் ரெண்டு நாள் தரங்கம்பாடி போறோம், பாப்பா அவங்க அம்மா வீட்ல இருக்கா, ஞாயித்துக்கிழமை வர்ற வழியில உன்னைப் பார்த்துட்டுப் போறோம்." இவ்வளவுதான். இது வழியில் எட்டிப் பார்ப்பது, நான் சொன்ன கடமைக் கணக்கில் சேராது. அன்றைக்குச் சொன்ன டிவியைப் பற்றி அவர் எதுவும் கேட்க மாட்டார். கேட்காவிட்டாலும் நீங்கள் சொல்லிவிடுங்கள்.

திருக்கடையூரைத் தாண்டித்தானே திரும்பி வருகிறீர்கள்? ஊர் ஊராகப் பிள்ளைகள் தாய் தகப்பனுக்கு அறுபதாம் கல்யாணம் செய்து வைக்க வரும் இடம் அது. அங்கே வண்டியை நிறுத்தி ஒரு முழம் பூ வாங்கிக்கொள்ளுங்கள். அம்மா வைத்துக்கொள்ள மாட்டேன் என்றால் சாமி படத்துக்குப் போடட்டும். அவர் சமைத்து வைத்திருப்பதைச் சாப்பிடுங்கள். முருங்கைக்காயைக் கட்டிக் கொடுத்தால், சென்னையிலேயே கிடைக்கிறது என்று சொல்லாமல் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு மணிக்குள் கிளம்பிவிடுங்கள், ஞாயிறு சாயங்காலம் பரனூர் சுங்கச்சாவடியில் மாட்டினால் நகர முடியாது. வீடு போய்ச் சேர்ந்ததும் அம்மாவுக்கு ஒரு போன்.