‘கிளார்க் வேலைதானே?’ (கடிதமும் பதிலும்)

வணக்கம் அக்கா,

உங்கள் கட்டுரைகளில் பழைய மருத்துவமனை வேலையைப் பற்றி அவ்வப்போது ஒரு வரி வந்து போகும். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன். எனக்கு 42 வயது. பதினான்கு வருடம் ஒரு சரக்கு நிறுவனத்தில் கணக்கு பார்த்தேன். ஆட்குறைப்பில் வேலை போனது. இப்போது எட்டு மாதமாக ஒரு மருத்துவமனையில், நோயை முன்கூட்டியே கண்டுபிடிக்கும் பரிசோதனைத் திட்டத்தில் நிர்வாக உதவியாளர். இரண்டு வருட ஒப்பந்தம். நாள் முழுக்க எக்செல், தொலைபேசி, கடிதம் மடிப்பது, கூட்டத்துக்கு அறை பிடிப்பது. தமிழ் மட்டும் பேசும் முதியவர் யார் வந்தாலும் என்னைக் கூப்பிடுகிறார்கள். என் வேலைப் பட்டியலில் அது இல்லை. “ஆஸ்பத்திரி வேலைன்னு சொன்னியே, கடைசியில கிளார்க் வேலைதானே” என்கிறார் மாமியார். ஏதாவது படித்து வெளியே போவதா, இதிலேயே இருப்பதா? இன்னொரு சின்னக் கேள்வி. ‘டி/ஓ’ (இன்னாரின் மகள்), ‘எஸ்/ஓ’ (இன்னாரின் மகன்) உள்ள நம் பெயர்களை முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டத்தில் எப்படிப் பிரிப்பீர்கள்?

அன்புடன்,
ஒரு வாசகி, யீஷூன், சிங்கப்பூர்

அன்புள்ள தங்கைக்கு,

மாமியார் சொன்னது சரிதான், கிளார்க் வேலைதான். நானும் பதினோரு வருடம் அதைத்தான் பார்த்தேன். பதவியின் பெயர் மூன்று முறை மாறியது, நாற்காலி அப்படியே இருந்தது. ஆஸ்பத்திரி வேலை என்றதும் சொந்தக்காரர்கள் “நர்ஸா?” என்பார்கள். இல்லை என்றால் முகம் லேசாக இறங்கும். அந்த இறக்கத்தைப் பார்த்துப் பார்த்து எனக்கும் பழகிவிட்டது.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்கிறேன். மேமோகிராமுக்கு, அதாவது மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு வர வேண்டிய பெண்கள், சர்க்கரை நோய்க்காகக் கண்ணைப் படம் எடுக்க வர வேண்டியவர்கள், இரண்டு கூட்டமும் ஒரே எக்செல் கோப்பில் இருந்தது. மாலை ஐந்தே முக்கால் மணி. அகரவரிசைப்படுத்திவிட்டுக் கடிதம் அச்சடிக்க வேண்டும். பெயரும் முகவரியும் இருந்த பத்திகளை மட்டும் தேர்ந்தெடுத்து வரிசையை மாற்றிவிட்டேன். பரிசோதனையும் தேதியும் இருந்த பத்திகள் பழைய இடத்திலேயே நின்றுவிட்டன. அறுபது கடிதம். எல்லாவற்றையும் அழகாக மடித்து உறையில் போட்டு அனுப்பிவிட்டு பஸ் ஏறினேன்.

இரண்டு வாரம் கழித்து மேமோகிராம் கவுண்ட்டரில் ஒரு தாத்தா வந்து நின்றார். கடிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். அங்கிருந்த பெண் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னபோது, “எனக்கும் ஆச்சரியமாத்தான் இருந்துச்சு. ஆனா போட்டிருக்கு, வந்துட்டேன்” என்றார். எல்லோரும் சிரித்தோம், அவரும் சிரித்தார். அன்று மாலை பட்டியலைத் திறந்து பார்த்த பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. கண் பரிசோதனைக் கடிதம் கிடைத்த பெண்கள் ‘சர்க்கரையே இல்லாத எனக்கு எதற்கு’ என்று கிழித்துப் போட்டிருந்தார்கள். மேற்பார்வையாளரிடம் போய்ச் சொன்னேன். மூன்று நாள் உட்கார்ந்து அறுபது பேருக்கும் போன் போட்டோம். ஐம்பத்தெட்டுப் பேர் கிடைத்தார்கள். அந்த இரண்டு பேரின் பெயர் எனக்கு இன்றும் மனப்பாடம்.

காய்ச்சல், வலி என்றால் மனிதர் தானாக வந்து கவுண்ட்டரில் நிற்பார். உங்கள் திட்டத்துக்கு வர வேண்டியவருக்கு வலி எதுவும் இல்லை. வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருக்கிறார். நீங்கள் கூப்பிட்டால்தான் வருவார், கூப்பிடாவிட்டால் அவருக்கு அப்படி ஒரு திட்டம் இருப்பதே தெரியாது. 2023 ஜூலையில் ஹெல்தியர் எஸ்ஜி என்ற அரசாங்கத் திட்டம் தொடங்கியது. 40 வயது நிரம்பியவர்கள் ஒரு குடும்ப மருத்துவரைத் தேர்ந்தெடுத்துப் பதிந்துகொள்ளலாம், பதிந்துகொண்ட குடிமக்களுக்குப் பரிந்துரைக்கப்பட்ட பரிசோதனைகளும் தடுப்பூசிகளும் இலவசம். நல்ல திட்டம். அழைப்பு கைப்பேசிக்குக் குறுஞ்செய்தியாகப் போகும். ஆனால் நம் பாட்டிகள் எத்தனை பேரின் பதிவில் அவர்கள் சொந்த எண் இருக்கிறது? மகனுடைய எண் இருக்கும். மகன் செங்காங்கில், அம்மா அங் மோ கியோவில். அவன் வேலைக்கு நடுவே செய்தியைப் பார்த்து, சாயந்திரம் சொல்லலாம் என்று நினைத்து, மறந்துவிடுவான். அந்த அம்மாவைப் பொறுத்தவரை திட்டம் என்பது உங்கள் எக்செல்லில் ஒரு வரி. அந்த வரியில் எண் தப்பு என்று கண்டுபிடிப்பது நீங்கள்தான். மருத்துவர் அந்தக் கோப்பைத் திறப்பதே இல்லை.

கூப்பிடுவதும் இப்போது லேசில்லை. “வணக்கம், மருத்துவமனையிலிருந்து பேசுறேன், அடையாள அட்டை நம்பரோட கடைசி நாலு எழுத்தைச் சொல்லுங்க” என்று ஆரம்பித்தால் போனை வைத்துவிடுகிறார்கள். வைக்கத்தான் வேண்டும்! மோசடி அழைப்புகளைப் பற்றி அவ்வளவு எச்சரிக்கை செய்திருக்கிறோம், சந்தேகம் என்றால் மோசடித் தடுப்பு உதவி எண் 1799க்கு அடியுங்கள் என்று சுவரெல்லாம் ஒட்டியிருக்கிறோம். நான் அந்த வேலையின் கடைசி வருடங்களில் கண்டுபிடித்த வழி இது. எதையும் கேட்பதற்கு முன்னால், “உங்க அப்பாயின்ட்மெண்ட் கார்டுல ஒரு நம்பர் இருக்கும்மா, சந்தேகமா இருந்தா நீங்களே அதுக்கு அடிச்சு எங்க பிரிவைக் கேளுங்க” என்பேன். பாதிப் பேர் உண்மையிலேயே வைத்துவிட்டு அடிப்பார்கள். ஐந்து நிமிடம் கூடுதலாக ஆகும். மாதக் கடைசியில் எத்தனை அழைப்பு என்று எண்ணும் மேலாளருக்கு இது பிடிக்காது. எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணச் சொல்லுங்கள்.

இப்போது தமிழுக்கு வருகிறேன். பெருங்குடல் புற்றுநோய்க்கான வீட்டுப் பரிசோதனைப் பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 50 வயது நிரம்பியவர்கள் வருடத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டியது, இரண்டு குழாய், இரண்டு தனித்தனி நாளில் மாதிரி எடுக்க வேண்டும். துண்டுப் பிரசுரத்தில் ‘மலத்தில் மறைந்துள்ள இரத்தம்’ என்று சுத்தத் தமிழில் இருக்கும். ஒரு பெரியவர் அதைக் கையில் வைத்துக்கொண்டே, “எனக்கு நல்லாத்தான் போகுது, ரத்தம் ஒண்ணும் இல்ல, வேற யாருக்காவது குடும்மா” என்றார். மறைந்துள்ள என்ற சொல்தான் அங்கே முக்கியம், அதைத்தான் அவர் கண் தாண்டிப் போயிருந்தது. “கண்ணுக்குத் தெரிஞ்சா நீங்களே டாக்டர்கிட்ட ஓடிடுவீங்க ஐயா, தெரியாததைப் பார்க்கத்தான் இந்தக் குழாய்” என்றேன். வாங்கிக்கொண்டார். சரியாகச் செய்து திருப்பி அனுப்பியும் விட்டார்.

ஆகவே, உங்களைக் கூப்பிடுகிறார்கள் என்றால் காரணம் இருக்கிறது. ஆனால் அதைச் சும்மா கொடுக்காதீர்கள். இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. ‘சேவை மனப்பான்மை’ என்ற சொல் பெரும்பாலும் சம்பளம் குறைந்தவர்களிடம்தான் சொல்லப்படுகிறது. ஒரு மாதம் குறித்து வையுங்கள்: எந்த நாள், எத்தனை நிமிடம், எதற்காக. பெயர் வேண்டாம். அதை எடுத்துக்கொண்டு போய், வேலைப் பட்டியலில் எழுத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். நான் இதை எட்டாவது வருடம்தான் செய்தேன். எட்டாவது மாதமே செய்திருக்கலாம்.

அதே சமயம் ஒரு எல்லை உண்டு. தேதி, இடம், முந்தின இரவு சாப்பிடாமல் வருவது, எந்த அட்டை கொண்டுவருவது, இதெல்லாம் நீங்கள் சொல்லலாம். அறுவை சிகிச்சைக்குச் சம்மதம் வாங்கும் பேச்சில், மருந்தின் ஆபத்தை விளக்கும் பேச்சில், அந்தப் பக்கமாகப் போன தமிழ்ப் பெண் என்பதற்காக உங்களை இழுத்து நிறுத்தினால் மறுத்துவிடுங்கள். அதற்குப் பயிற்சி பெற்றவர்களை ஏற்பாடு செய்வது அவர்கள் பொறுப்பு.

முடிவுகளும் அப்படித்தான். மறுபடி வரச் சொல்லிக் கூப்பிடுவீர்கள். அந்தப் பக்கம் ஒரு விநாடி அமைதி. அப்புறம், “உன் முன்னாடிதானே கம்ப்யூட்டர் இருக்கு, நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லேம்மா” என்பார்கள். வாய் நுனி வரைக்கும் “ஒண்ணும் இருக்காதும்மா” என்று வரும். சொல்லக் கூடாது. நமக்குத் தெரியாது என்பது ஒன்று. அதை நம்பி அவர்கள் வராமல் இருந்துவிடலாம் என்பது இன்னொன்று. “டாக்டர் நேர்ல பார்த்துப் பேசணும்னு சொல்றார், வியாழக்கிழமை காலையில வர முடியுமா, கூட யாரு வருவாங்க?” என்று கேட்பேன். கூட யார் என்ற கேள்வியை மட்டும் விட மாட்டேன்.

சொந்தக்காரர் தொல்லையும் வரும். “நாத்தனார் அங்கதான் காட்டுறா, என்னன்னு பார்த்துச் சொல்லேன்” என்பார்கள், அதுவும் தீபாவளிக்கு முறுக்கு சுற்றும்போது. 2018இல் சிங்கப்பூரில் 15 லட்சம் நோயாளிகளின் விவரங்கள் இணைய ஊடுருவலில் திருடு போன பிறகு கட்டுப்பாடுகள் இறுகின. யார் எந்தக் கோப்பைத் திறந்தார்கள் என்பது பதிவாகிறது, வேலை போய்விடும் என்று சொன்னால் வாயை மூடிவிடுவார்கள். பொய்யும் இல்லை. பெரிய திருட்டைவிட எனக்குச் சன்னல் வைத்த உறையைக் கண்டால்தான் பயம். கடிதம் அரை விரல் நழுவினால் முகவரிக்குக் கீழே உள்ள ‘புற்றுநோய்ப் பரிசோதனை’ என்ற வரி எட்டிப் பார்க்கும். வாடகைக்கு அறை விட்ட வீடுகளில் தபால் பெட்டியை யார் யாரோ திறக்கிறார்கள். உறையை ஒட்டும் முன் மேசையில் நிமிர்த்தி ஒரு தட்டுத் தட்டிப் பாருங்கள்.

இன்னொரு விஷயம், இது நம்மால் மட்டுமே முடிவது. ஒவ்வொரு வருடமும் ஜனவரி பிற்பாதியிலோ பிப்ரவரி முற்பாதியிலோ ஒரு நாள் வராதவர் பட்டியல் நீளும். பெயரெல்லாம் நம் பெயர். சீனப் புத்தாண்டு வாரத்தில் யாரும் மருத்துவமனைப் பக்கம் வரமாட்டார்கள் என்பது எங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும், அந்த வாரம் குறைவாகவே நேரம் ஒதுக்குவார்கள். தைப்பூசம் 1968இலிருந்து பொது விடுமுறை இல்லை, அதனால் கணினிக்கு அது சாதாரண வேலை நாள். சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு வரை மகன் காவடி எடுத்துப் போகும்போது எந்த அம்மா கண் பரிசோதனைக்கு வருவார்? நான் ஒரு வருடம் தேதியைப் பார்த்து, அந்த நாளில் விழுந்த நம்மவர்களை முன்கூட்டியே அழைத்து மாற்றிக் கொடுத்தேன். காலியான நேரம் மற்றவர்களுக்குப் போனது. மேலாளர், “உனக்கு எப்படித் தெரிந்தது?” என்று கேட்டார். என் பதினோரு வருடத்தில் அவர் என்னிடம் கேட்ட ஒரே சுவாரசியமான கேள்வி அது.

படிப்பதா போவதா என்று கேட்டீர்கள். திட்டத்துக்கான பணம் முடிந்தால் ஒப்பந்தமும் முடியும், அதனால் இரண்டு வருடமும் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டாம். 40 வயது நிரம்பிய குடிமகள் என்றால், 2024 மே மாதத்திலிருந்து ஸ்கில்ஸ்ஃபியூச்சர் என்ற அரசாங்கப் பயிற்சி உதவித் திட்டத்தில் கூடுதலாக 4,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) உங்கள் கணக்கில் இருக்கும். எல்லா வகுப்புக்கும் செல்லாது, பட்டியலைப் பார்த்து எடுக்க வேண்டும். பொதுவான அலுவலக நிர்வாகச் சான்றிதழ் ஒன்றை மட்டும் எடுக்காதீர்கள், பதினான்கு வருடம் கணக்கு பார்த்தவருக்கு அதில் புதிதாக ஒன்றும் இருக்காது. பராமரிப்பு ஒருங்கிணைப்பாளர் வேலைக்கான பயிற்சியைத் தேடுங்கள். வீடு திரும்பிய நோயாளியை யார் பார்ப்பார்கள், எந்த உதவித்தொகைக்கு யார் தகுதி என்றெல்லாம் தைத்துக் கொடுக்கும் வேலை அது. மருத்துவச் சேமிப்பான மெடிசேவிலிருந்து எவ்வளவு எடுக்கலாம், மருத்துவக் கட்டணச் சலுகைக்கான நீல அட்டைக்கும் ஆரஞ்சு அட்டைக்கும் என்ன வித்தியாசம் என்று இப்போதே கவுண்ட்டரில் உங்களைத்தான் கேட்டுக்கொண்டிருப்பார்கள், இல்லையா? பிடிக்கவில்லை என்றால் போய்விடுங்கள், அதில் குற்ற உணர்ச்சி வேண்டாம். மாமியார் சொன்னார் என்பதற்காகப் போகாதீர்கள்.

கடைசியாக டி/ஓ. பிரிக்காதீர்கள். எங்களிடம் ஒருமுறை யாரோ புத்திசாலித்தனமாக இடைவெளி உள்ள இடத்தில் பெயர்களை வெட்ட, குடும்பப் பெயர் கட்டத்தில் முப்பது பேருக்கு ‘டி/ஓ’ என்று வந்து நின்றது. முப்பது பேரும் ஒரே குடும்பம் போல! அடையாள அட்டையில் எப்படி இருக்கிறதோ அப்படியே முழுப் பெயரையும் ஒரே கட்டத்தில் போடுங்கள். இரண்டாவது கட்டம் காலியாக இருக்கக் கூடாது என்று கணினி அடம்பிடித்தால், அதில் என்ன போடுவது என்று அலுவலகம் முழுக்க ஒரே விதியை எழுதி ஒட்டச் சொல்லுங்கள். ஆளாளுக்கு ஒரு வழி கூடாது.

இதோடு பிறந்த தேதியையும் கவனியுங்கள். வயதானவர்கள் சிலரின் பதிவில் பிறந்த வருடம் மட்டும்தான் இருக்கும். கட்டம் நிரம்பவேண்டும் என்று ஜனவரி 1 போட்டுவிடுவார்கள். எங்கள் பட்டியலில் ஒரு சமயம் மூன்று லெட்சுமிகள். ஆங்கிலத்தில் ஒருவர் லெட்சுமி, ஒருவர் லெச்சுமி, ஒருவர் லக்ஷ்மி. மூவரும் ஜனவரி 1. வரவேற்பறையில் போய் “லெட்சுமி அம்மா” என்று நான் கூப்பிட்டால் இரண்டு பேர் எழுந்திருப்பார்கள், மூன்றாமவர் காது கேட்காமல் உட்கார்ந்திருப்பார். பெரும்பாலும் அவர்தான் நான் கூப்பிட்டவர்.

அன்புடன்,
அக்கா