செங்கல் சுவரும் வண்ணமும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: தேவனாம்பட்டினத்தில் கடற்கரைக்கு அருகே எங்கள் வீடு இருக்கிறது. 1998இல் கட்டிய செங்கல் மதிலுக்குப் பூச்சு வேலை செய்யாமல், கல்லின் மீதே பெயிண்ட் அடித்து வருகிறோம். 2004 சுனாமியின்போது அந்த மதிலில் கடல்நீர் ஏறி இறங்கியது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, போகிக்குள் முடித்துவிட வேண்டும் என்று விலை உயர்ந்த வெளிப்புற எமல்ஷன் இரண்டு கை அடித்தோம். இப்போது தரையிலிருந்து மூன்றடி உயரம் வரை பெயிண்ட் பொருக்குப் பொருக்காக உரிந்து, வெள்ளைத் தூள் பூத்து நிற்கிறது. அதைச் சுரண்டிவிட்டு நீர்புகாப் பூச்சு அடித்து, அதன்மேல் மறுபடியும் பெயிண்ட் அடித்தால் போதும் என்கிறார் பெயிண்டர். செய்யலாமா? – வாசகி, கடலூர்

பதில்: வேண்டாம், சகோதரி. அப்படிச் செய்தால் இந்த முறை பெயிண்ட் மட்டும் உரிந்து வராது. செங்கல்லின் தோலும் சேர்ந்தே உரிந்து வரும்.

நீங்கள் பார்க்கும் வெள்ளைத் தூள் உப்பு. மண்ணில் இருக்கும் ஈரத்தைச் செங்கல்லின் நுண்துளைகள் விளக்குத் திரியைப் போல மேலே இழுக்கின்றன. இதைத்தான் நம் கொத்தனார்கள் ஓதம் ஏறுவது என்கிறார்கள். அந்த ஈரம் வழியில் உள்ள உப்புகளைக் கரைத்துக்கொண்டு சுவரின் மேற்பரப்புக்கு வருகிறது. அங்கே நீர் ஆவியாகிப் போய்விட, உப்பு படிகமாகி நின்றுவிடுகிறது. செங்கல்லில் சாதாரணமாகக் காணப்படும் சோடியம் சல்பேட், நீரைச் சேர்த்துக்கொண்டு படிகமாகும்போது ஏறக்குறைய நான்கு மடங்காகப் பருக்கிறது. பெயிண்ட் படலத்துக்குப் பின்னால் இப்படிப் பருக்கும் உப்பு, அந்தப் படலத்தை உந்தித் தள்ளாமல் என்ன செய்யும்? உங்கள் சுவரில் கடல் உப்பும் இருக்கிறது. அது காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினாலே காற்றிலிருந்து நீரை உறிஞ்சிக் கசியத் தொடங்கும். ஈரம் தணிந்தவுடன் மறுபடியும் படிகமாகும். கடலோர ஊரில் விடியற்காலையில் கசிவதும் நண்பகலில் காய்வதுமாக இந்தச் சுழற்சி நடந்துகொண்டே இருப்பதால்தான், மழையே இல்லாத மாதங்களிலும் உங்கள் மதில் பொரிகிறது.

எனவே பெயிண்டின் விலையிலோ தரத்திலோ குறை இல்லை. கீழிருந்து ஏறும் ஈரத்துக்கு வெளியேற ஒரு வழி வேண்டும். அந்த வழியை நீர்புகாப் பூச்சால் மூன்றடி வரை அடைத்தால், ஓதம் நான்காவது அடிக்கு ஏறும்.

முதலில் மதிலின் அடியைப் பாருங்கள். கடலூரில் பல தெருக்களில் சாலையை உயர்த்தி உயர்த்திப் போட்டதால், வீட்டுச் சுவர்களின் அடிப்பகுதி மண்ணுக்குள் புதைந்து கிடக்கிறது. உங்கள் மதிலும் அப்படி இருந்தால், முடிந்தவரை மண்ணை வெட்டி எடுத்து, சுவரை ஒட்டி நீர் தேங்காதபடி சரிவு கொடுங்கள். மதிலின் தலைப்பகுதியில் மழைநீர் இறங்காதிருக்க, சரிவான மூடுபூச்சு இருக்கிறதா என்றும் பாருங்கள். பிறகு, உரிந்த பெயிண்டை நெகிழிச் சுரண்டியாலும் நைலான் பிரஷ்ஷாலும் எடுங்கள். ஒட்டிக்கொண்டிருக்கும் இடங்களில் பெயிண்ட் நீக்கியைத் தடவி ஊறவைத்து எடுக்கலாம். கம்பி பிரஷ், கிரைண்டர் இரண்டும் வேண்டாம். சூளையில் வெந்த செங்கல்லின் மேல்தோல்தான் அதன் கவசம். அது போய்விட்டால் உள்ளே இருக்கும் மென்மையான பகுதி மழையில் கரையத் தொடங்கும். உப்பைப் போக்க ஆசிட் ஊற்றுவதும் கூடாது, ஏனென்றால் ஆசிட்டே புதிய உப்பைச் சுவருக்குள் விட்டுச் செல்லும். உலர்ந்த பிரஷ்ஷால் தூளைக் கூட்டி அள்ளி அப்புறப்படுத்துங்கள். நீரால் கழுவினால் உப்பு கரைந்து மறுபடியும் உள்ளே போய்விடும். அச்சிடாத தாளை நல்ல தண்ணீரில் ஊறவைத்துக் கூழாக்கி, சுவரில் விரல் கனத்துக்கு அப்பிக் காயவிட்டு உரித்தால், உள்ளே இருக்கும் உப்பில் ஒரு பகுதி அந்தக் கூழோடு வந்துவிடும். இரண்டு மூன்று முறை செய்தால் பலன் தெரியும்.

இணைப்புச் சாந்து உதிர்ந்திருந்தால் சிமெண்டை அள்ளி அடைக்காதீர்கள். கடலூர் முதுநகரின் பழைய தெருக்களில் நடந்து பாருங்கள். சிமெண்ட் இணைப்புகள் மட்டும் சட்டம் போலத் துருத்தி நிற்க, நடுவில் செங்கல் குழிந்து போன சுவர்கள் கண்ணில் படும். சாந்து கல்லைவிடக் கடினமாக இருந்தால், ஈரமும் உப்பும் கல் வழியாகவே வெளியேறும், கல்லே அரிக்கப்படும். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு உப்பில்லாத மணல் சேர்த்த கலவை போதும்.

இனி, போகியைப் பற்றி ஒரு வார்த்தை. போகிக்கு வெள்ளையடிப்பது நம் முன்னோர் காலத்து வழக்கம். ஆனால் அவர்கள் அடித்தது சுண்ணாம்பு. வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை சுவரை நனைத்துத் தீர்த்த பிறகு, தை பிறக்கும் நேரத்தில் செங்கல் இன்னும் ஈரமாகவே இருக்கும். சுண்ணாம்புக்கு அது தடையே இல்லை. அதை நனைத்த சுவரில்தான் அடிக்க வேண்டும், அது காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று இறுகும், இறுகிய பின்னும் ஆவியை வெளியே விடும். எமல்ஷன் அப்படியல்ல. வழக்கத்தை வைத்துக்கொண்டு பொருளை மட்டும் மாற்றியதால், ஒரு பருவமழையின் ஈரம் முழுவதையும் நாம் சுவருக்குள் பூட்டிவிடுகிறோம். எமல்ஷன்தான் வேண்டும் என்பவர்கள் பங்குனி, சித்திரை வரை பொறுத்திருக்க வேண்டும். ஓரிடத்தில் ஒன்றரை அடிச் சதுரத்துக்கு நெகிழித் தாளை நான்கு பக்கமும் டேப்பால் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் உட்புறத்தில் நீர் முத்து முத்தாகப் படிந்திருந்தால், சுவர் இன்னும் தயாராகவில்லை என்று பொருள்.

உங்கள் மதிலுக்கு என் பரிந்துரை சுண்ணாம்பே. ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்புக் கல்லுக்கு ஏறக்குறைய ஐந்து லிட்டர் தண்ணீர் சேர்த்துத் தாளித்து, அதாவது நீற்றி, ஒரு நாள் முழுதும் விட்டுத் துணியில் வடிகட்டுங்கள். தாளிக்கும்போது கொதித்துத் தெறிக்கும். கண்ணுக்குக் கண்ணாடியும் கைக்கு உறையும் கட்டாயம் வேண்டும், குழந்தைகள் அருகில் வரக் கூடாது. வடிகட்டியதில் வெந்நீரில் கரைத்த பசை சிறிது கலந்து, பால் பதத்தில், வெயில் சாய்ந்த நேரத்தில், ஒவ்வொரு கைக்கும் ஒரு நாள் இடைவெளி விட்டு மூன்று நான்கு கை அடியுங்கள். மெல்லிய கைகளாகப் பல முறை அடிப்பதே சரி. கனமாக அடித்தால் பொடிந்து உதிரும். பழைய எமல்ஷன் படிந்திருக்கும் இடத்தில் சுண்ணாம்பு பிடிக்காது என்பதால்தான், பெயிண்டை முடிந்தவரை முழுவதும் எடுக்கச் சொன்னேன். ஆண்டுதோறும் ஒரு கை அடிக்க வேண்டியிருக்கும் என்பது உண்மைதான். ஆனால் கல் பிழைத்துக் கிடக்கும்.

கேள்வி: புதுச்சேரியில் தமிழர் பகுதியில் ஒரு பழைய வீட்டை வாடகைக்கு எடுத்து, கூடத்தின் ஒரு சுவரில் பூச்சைக் கொத்தி எடுத்துச் செங்கல் தெரியும்படி செய்திருக்கிறோம். பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் தினமும் சிவப்புத் தூள் கொட்டுகிறது. வார்னிஷ் அடித்தால் நிற்குமா? – வாசகர், புதுச்சேரி

பதில்: இந்தக் கேள்வியைக் கொத்துவதற்கு முன்பே கேட்டிருக்கலாம் என்ற வருத்தம் எனக்கு இருக்கிறது. உங்கள் தெருவிலும் பிரெஞ்சுப் பகுதியிலும் உள்ள பழைய வீடுகளின் சுவர்கள், சுண்ணாம்புப் பூச்சு வரும் என்று நம்பியே கட்டப்பட்டவை. பூச்சு மறைத்துவிடும் என்பதால், சூளையின் ஓரத்தில் அரைகுறையாக வெந்த கல்லையும் அந்தச் சுவருக்குள் வைத்திருப்பார்கள். ஆரோவில் பக்கம் திறந்த செங்கல்லில் அழகாக நிற்கும் கட்டடங்களைப் பார்த்து நாமும் அப்படிச் செய்ய ஆசைப்படுகிறோம். ஆனால் அவை அதற்கென்றே கல்லைத் தேர்ந்து, அதற்கென்றே இணைப்பு வைத்துக் கட்டியவை.

நகத்தால் செங்கல்லைக் கீறிப் பாருங்கள். கீறல் விழாத கல் நன்றாக வெந்த கல். பெரும்பாலான கற்கள் அப்படி இருந்தால், தூளைத் தட்டி எடுத்துவிட்டு, செங்கல்லுக்கென்றே விற்கும், பளபளப்பில்லாத, ஆவியை வெளியே விடும் நிறமற்ற பூச்சை அடிக்கலாம். அல்லது சுண்ணாம்பை மிகவும் நீர்க்கக் கரைத்து ஒரே ஒரு கை அடித்தால், கல்லின் வடிவம் தெரியும்படி மங்கிய வெண்மை கிடைக்கும். மஞ்சள் காவியோ செங்காவியோ கலந்துகொள்ளலாம். இரும்புச் சத்தால் நிறம் பெற்ற இந்த மண் வண்ணங்கள் சுண்ணாம்பில் வெளிறிப் போவதில்லை. நகம் பட்டாலே பொடிகிறது என்றால் மறுபடியும் சுண்ணாம்புப் பூச்சு போடுவதே நல்லது. இரண்டடிக்கு இரண்டடி மட்டும் ஒரு சாளரம் போலத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

வார்னிஷும் எனாமலும் கூடவே கூடாது. முத்தியால்பேட்டையில் என் பெற்றோரின் வீட்டு முற்றத்தில் செங்கல் விளிம்புகளுக்கு நாங்கள் ஆசையாகச் சிவப்பு எனாமல் அடித்தோம். இரண்டு மழைக்காலம் கழிந்ததும் அது ஏடு ஏடாகக் கழன்று வந்தது. ஒவ்வோர் ஏட்டின் பின்புறத்திலும் கால் அங்குலச் செங்கல் ஒட்டியிருந்தது. என் அப்பா அந்த ஏடுகளைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தது இன்னும் நினைவில் இருக்கிறது. அந்தக் காலத்து அளவில் அதே கல்லைத் தேடி எங்களால் மாற்ற முடியவில்லை.

வீட்டு உரிமையாளரின் சம்மதத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். செங்கல்லில் ஏறிய பெயிண்டை முழுமையாக இறக்குவது ஏறக்குறைய இயலாத காரியம்.

கேள்வி: மாடியில் சாம்பல் செங்கல்லால் ஓர் அறை கட்டி இரண்டு வாரம் ஆகிறது. பூச்சு இல்லாமல் பெயிண்ட் அடிக்கலாமா? – வாசகர், செம்மண்டலம்

பதில்: அடிக்கலாம், இப்போது வேண்டாம். நெய்வேலி அனல்மின் நிலையச் சாம்பலால் நம் மாவட்டத்தில் பரவலாகிவிட்ட இந்தக் கல்லிலும் இணைப்புக் கலவையிலும் காரத்தன்மை உண்டு. நீர் தெளித்துப் பதப்படுத்துவது முடிந்து, சுவர் குறைந்தது 28 நாள் உலரட்டும். பிறகு காரம் தாங்கும் பிரைமர் ஒரு கை, எமல்ஷன் இரண்டு கை. பட்டி பூச வேண்டியதில்லை, கல்லின் வரிசை மறைந்துவிடும்.

கேள்வி: அறுபது ஆண்டுப் பழைமையான வீட்டின் உட்புறச் செங்கல் தூண்களில் பல அடுக்கு ஆயில் பெயிண்ட் ஏறியிருக்கிறது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் புதிதாக அடிக்க விரும்புகிறோம். வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. – வாசகி, நெல்லிக்குப்பம்

பதில்: உலர்ந்த நிலையில் தேய்க்காதீர்கள். வீட்டு உபயோகப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) அளவைத் தாண்டக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2016இல் வகுக்கப்பட்டு, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய ஆயில் பெயிண்டில் ஈயம் மிகுதியாக இருக்க வாய்ப்புண்டு. அந்தத் தூசி, தவழும் குழந்தையின் கை வழியே வாய்க்குப் போகும், வளரும் மூளையைப் பாதிக்கும். பெயிண்ட் நீக்கியைத் தடவி ஈரமாகவே வழித்தெடுங்கள். கீழே தார்ப்பாய் விரித்து, கழிவைப் பையில் கட்டி, தரையை ஈரத்துணியால் துடையுங்கள். வேலை நடக்கும் நாட்களில் குழந்தையைப் பாட்டி வீட்டில் விட்டுவையுங்கள். பெயிண்ட் உரியாமல் கெட்டியாக இருக்கும் தூண்களை அப்படியே விட்டு, மேலே புதுப் பெயிண்ட் மட்டும் அடிப்பது இந்த ஆண்டுக்குப் போதுமானது.