கையெழுத்துப் போடுவதற்கு முன்

கேள்வி: எங்கள் கத்தோலிக்கப் பங்கில் (கோவில் வட்டாரத்தில்) பூசை முடிந்ததும் ஒரு மனுவுக்குக் கையெழுத்து வாங்குகிறோம். கருக்கலைப்புச் சட்டத்தை ரத்து செய்ய வேண்டும், கருணைக்கொலைத் தீர்ப்பைத் திரும்பப் பெற வேண்டும், கிறிஸ்தவர்களுக்கு விவாகரத்து எளிதில் கிடைக்காதபடி சட்டத்தைத் திருத்த வேண்டும் என்று கேட்கிறோம். துண்டறிக்கையை இணைத்திருக்கிறேன். ‘சாமி விஷயத்தைக் கோவிலோடு வைத்துக்கொள்ளுங்கள்’ என்கிறார்கள் வெளியில். நீங்களும் அப்படித்தான் சொல்வீர்களா?
– ஒரு வாசகர், திருக்காட்டுப்பள்ளி

பதில்: சொல்ல மாட்டேன். மாயூரத்தில் முன்சீபாக இருந்த வேதநாயகம் பிள்ளை கத்தோலிக்கர். பெண் கல்விக்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே எழுதியவர். விசுவாசி என்பதால் அவர் பேச்சு செல்லாது என்று யார் சொல்ல முடியும்? பேசுங்கள். ஆனால் தெரிந்துகொண்டு பேசுங்கள்.

‘நோயாளியை ஊசி போட்டுக் கொல்ல 2018இல் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது’ என்கிறது உங்கள் துண்டறிக்கை. இது தவறு. ஊசி போட்டு உயிரெடுப்பது இன்றும் குற்றம். மீள வழியே இல்லாத நோயாளிக்கு, மருத்துவக் குழுக்களின் ஒப்புதலோடு உயிர்காக்கும் கருவிகளை நிறுத்தலாம், அதை விரும்புகிறவர் முன்கூட்டியே உயில் எழுதி வைக்கலாம் என்பதுதான் தீர்ப்பு. 2023 ஜனவரியில் அதன் நடைமுறையைக் கொஞ்சம் எளிதாக்கினார்கள். உங்கள் திருச்சபை என்ன சொல்கிறது? பலன் தராத, தாங்க முடியாத சுமையான சிகிச்சையை ஏற்கும் கடமை யாருக்கும் இல்லை என்று திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1957இலேயே மயக்க மருந்து நிபுணர்களிடம் பேசியிருக்கிறார். 1980இல் வத்திக்கான் அதையே மறுபடி சொன்னது. குழாய் வழியாக உணவு கொடுப்பதை நிறுத்தக்கூடாது என்பதில் திருச்சபைக்குத் தனி நிலைப்பாடு உண்டு. அதை எழுதியிருந்தால் மனுவுக்கு ஒரு மதிப்பு இருந்திருக்கும்.

நம் ஊர்ப்பக்கம் இது வெறும் தத்துவம் அல்ல. அப்பாவை ஐசியூவில் வைத்துவிட்டு நகையை அடகு வைத்து, அதுவும் கரைந்த பிறகு இருந்த இரண்டு மா நிலத்தையும் விற்றுவிட்டு, ‘எடுத்துவிடலாமா’ என்று கேட்கக் கூசி நிற்கும் மகன்கள் உங்கள் பங்கிலும் இருப்பார்கள். அவர்களைக் கொலைகாரர்கள் என்று ஒரு துண்டுக் காகிதம் சொல்வது அநியாயம்.

கருக்கலைப்பைப் பாவம் என்று நீங்கள் நம்புவதை நான் மதிக்கிறேன். சட்டத்தை ரத்து செய்யச் சொல்வதை ஏற்க மாட்டேன். அந்தச் சட்டம் வந்த 1971க்கு முன்பு, தாயின் உயிரைக் காப்பாற்ற அல்லாமல் கருவைக் கலைத்தால், கலைத்துக்கொண்ட பெண்ணும் குற்றவாளி. அதனால் கலைப்பு நின்றுவிடவில்லை. எருக்கங்குச்சியை உள்ளே செருகினார்கள். சீழ் பிடித்து, ஜன்னி கண்டு செத்தார்கள். வெளியில் ‘வயிற்றுக் கடுப்பு’ என்று சொல்லிப் புதைத்தார்கள். இன்றும் நடவுக் கூலியை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக முடியாமல் நாள் தள்ளிப்போடுகிற பெண், ஐந்தாம் மாதத்தில் வந்து நின்றால், ‘புருஷன் கையெழுத்து எங்கே’ என்று கேட்கிறார்கள். பதினெட்டு வயது நிறைந்தவளுக்கு அவளுடைய சம்மதம் போதும் என்று சட்டம் சொல்வது பாதிப் பேருக்குத் தெரியாது. அவள் பிள்ளையைப் பெற்றுக்கொள்ள வேண்டும் என்று விரும்புகிறீர்களா? பேறுகால மாதங்களில் அவள் வீட்டில் உலை கொதிக்க உங்கள் அன்பியம் (பங்கின் அக்கம்பக்கக் குடும்பங்களின் குழு) என்ன செய்யும் என்று அவளிடம் முதலில் சொல்லுங்கள்.

மூன்றாவது கோரிக்கைதான் எனக்குக் கோபத்தையே வரவழைத்தது. 1869ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டப்படி கிறிஸ்தவக் கணவன் மனைவியின் கள்ளத் தொடர்பை மட்டும் நிரூபித்தால் போதுமாக இருந்தது. மனைவியோ பெரும்பாலும் கணவனின் கள்ளத் தொடர்போடு கொடுமை, கைவிட்டுப் போனது போன்ற இன்னொன்றையும் சேர்த்து நிரூபிக்க வேண்டியிருந்தது. அடி வாங்குவது மட்டும் காரணமாகவில்லை! 132 ஆண்டுகள் கழித்து 2001இல் அதை மாற்ற வைத்தவர்களில் முன்னே நின்றவர்கள் கிறிஸ்தவப் பெண்களே. சபைகளும் துணை நின்றன. கிறிஸ்தவர்கள் சட்டத்துக்காகக் குரல் கொடுத்ததில் எனக்கு மிகவும் பிடித்த அத்தியாயம் அது. அதைத்தான் நீங்கள் திருப்பிப் போடச் சொல்கிறீர்கள். உங்கள் மாதர் சங்கத்தில் அந்தப் பத்தியை வாசித்துக் காட்டினீர்களா?

வாழ்வைக் காக்க ஒரு மனு எழுதத்தான் வேண்டுமென்றால், இதை எழுதுங்கள். புற்றுநோயின் வலிக்கு மார்ஃபின் எளிதாகக் கிடைக்க 2014இல் போதைப்பொருள் சட்டத்தையே திருத்தினார்கள். திருவையாறு, பாபநாசம் தாலுகா ஆஸ்பத்திரிகளில் அந்த மருந்து தட்டுப்பாடில்லாமல் இருக்க வேண்டும், வலி தணிக்கும் செவிலியர் கிராமத்து வீடுகளுக்கே வர வேண்டும் என்று கேளுங்கள். அந்த மனுவை அனுப்புங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன்.