நெட் ஸ்பீடு ஏறி இறங்குது, அஞ்சு பேருக்கு எப்படி பங்கு போடுறது?

கேள்வி: வேளச்சேரில ஒரே ஃபிளாட்ல அஞ்சு பேர் தங்கியிருக்கோம். 5ஜி சிம் போட்ட வைஃபை பாக்ஸ்தான். காலைல 90 எம்பிபிஎஸ் வருது, நைட்டு 9 மணிக்கு மேல 15-க்கு இறங்கிடுது, அந்த நேரம் பார்த்து ஒருத்தர் போட்டோ பேக்கப் போட்டா மத்தவங்க வீடியோ கால் எல்லாம் திக்குது, தினம் சண்டை. ஆளுக்கு 10 எம்பிபிஎஸ்னு லிமிட் போட்டும் சரியாகல. பெரிய பிளான் போடலாமா, இல்ல கேமிங் ரவுட்டர் வாங்கலாமா?

பதில்: ரெண்டுமே வேணாம்ங்க. நைட்டு டவர்லயே நெரிசல்னா பெரிய பிளான் போட்டும் அதே 15 வரத்தான் வாய்ப்பு அதிகம். லிமிட் ஏன் வேலை செய்யலன்னா, லைன்ல வர்றதே 15-தான், ரெண்டு பேர் ஆளுக்கு 10 இழுத்தாலே முடிஞ்சுது. அதே லிமிட்டால காலைல 90 சும்மா கிடக்கும்போதும் ஒருத்தருக்கு 10-தான்.

உங்க உண்மையான பிரச்சனை வேகம் இல்ல, க்யூ. பார்சல் ஆபீஸ்ல ஒருத்தர் இருபது மூட்டையோட முன்னாடி நின்னா ஒரே ஒரு கவரோட வந்தவரும் அவர் பின்னாடி காத்துக்கிடக்கணும்ல, அதே கதை, இதுக்கு பேரு பஃபர்ப்ளோட். எங்க வீட்லயும் சிம் கனெக்‌ஷன்தான், லேப்டாப்ல பிங் (ஒரு சின்ன சிக்னல் போய் திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகுதுன்னு பார்க்குற டெஸ்ட்) ஓடவிட்டு பார்த்தேன், சும்மா இருக்கும்போது 40 மில்லிசெகண்ட், போன்ல பேக்கப் ஆரம்பிச்சதும் 300, 700, அப்புறம் 1,200. அப்லோட் க்யூ நிரம்பிட்டா டவுன்லோடும் சேர்ந்து தவழும். நீங்களும் இதை முதல்ல செஞ்சு பாருங்க, நம்பர் எகிறலன்னா ரவுட்டர் மாத்தி பிரயோஜனம் இல்ல.

எகிறுச்சுன்னா ஓபன்டபிள்யூஆர்டி (கம்பெனி சாஃப்ட்வேருக்கு பதிலா ரவுட்டர்ல போடுற இலவச சாஃப்ட்வேர்) போடக்கூடிய ரவுட்டரா வாங்குங்க. அதுல எஸ்க்யூஎம்னு க்யூவை சமாளிக்கிற பேக்கேஜ் போட்டு, 'கேக்'னு க்யூவை பிரிக்கிற முறையை செலக்ட் பண்ணலாம். டிவைஸ் வாரியா பிரிக்கிற ஆப்ஷனையும் செட்டிங்ல குடுத்துட்டா, அது அந்த நிமிஷம் யார் யார் இழுக்குறாங்களோ அவங்களுக்குள்ள சமமா பிரிக்கும், ஒருத்தர்தான் இருக்காருன்னா முழுசும் அவருக்கே. கணக்கு ஆளுக்கு இல்ல, டிவைஸுக்கு, அதனால போன், லேப்டாப், டிவி மூணுலயும் ஒரே நேரத்துல இழுக்குறவருக்கு மூணு பங்கு போகும், இதை மட்டும் ரூம்ல பேசி வச்சுக்கோங்க.

ஆனா கேக்குக்கு லைன் வேகம் எவ்வளவுன்னு நாமதான் சொல்லணும், உங்களுக்கு அதுவே நிலையா இல்லையே. அதுக்குத்தான் கேக்-ஆட்டோரேட்னு ஒரு ஸ்கிரிப்ட், பிங் ஏறினா வேகத்தை தானா குறைக்கும், சரியானா ஏத்தும். டவுன்லோடுக்கும் அப்லோடுக்கும் தனித்தனியா மினிமம், பேஸ் (யாரும் பெருசா இழுக்காதப்போ நிக்கிற வேகம்), மேக்ஸிமம் குடுக்கணும், உங்க டவுன்லோடுக்கு 10, 20, 90 எம்பிபிஎஸ்னு ஆரம்பிச்சு பாருங்க.

வாங்கும்போது டப்பால 'கியூஓஎஸ்'னு (எதுக்கு முன்னுரிமைன்னு நெட்டை பிரிக்கிற வசதி) போட்டிருக்கிறதை நம்பி எடுக்காதீங்க, அதுல நிறைய நிலையான வேகத்தை டைப் பண்ண சொல்றதுதான். ஒரே மாடல் பேர்ல வி2, வி3னு உள்ள வேற வேற சிப் இருக்கும், அதனால லேபிள்ல வெர்ஷனை பார்த்து ஓபன்டபிள்யூஆர்டி சைட் லிஸ்ட்ல ஒத்துப்பார்த்துட்டு காசு குடுங்க. கேக் பிராசஸரை நிறைய தின்னும், ரொம்ப பழைய சிங்கிள் கோர் ரவுட்டர் 90-க்கே திணறலாம். சாஃப்ட்வேர் மாத்தினா வாரண்டி போகலாம், அதையும் கேட்டுக்கோங்க.

புது ரவுட்டரை பழைய பாக்ஸுக்கு பின்னாடி கேபிள்ல மாட்டிட்டு பழைய பாக்ஸோட வைஃபையை கண்டிப்பா ஆஃப் பண்ணிடுங்க, ஒரே ஒருத்தர் அதுல ஒட்டிக்கிட்டு இருந்தாலும் அவர் எவ்வளவு இழுக்குறார்னு புது ரவுட்டருக்கு தெரியவே தெரியாது.